நிருவாகச் செம்மல் சர் முகம்மது ஹபீபுல்லா

உள்ளாட்சி என்றவுடன் நம் நினைவில் எழுவோர் தேர்தலில் வென்று தலைமை இருக்கையில் அமர்வோரே ஆவர். குடிநீர்க் குழாயைத் திறந்துவிடுபவர், தெருவிளக்கைப் பேணுபவர், வரி தண்டுபவர், பிறப்பு இறப்பினைப் பதிபவர், சாக்கடை அள்ளுபவர் ஆகியோரை நாம் எண்ணுவதில்லை. பணி நின்றுவிடும் நாளில் மட்டுமே அவர்கள் நம் கண்ணுக்குப் புலப்படுகின்றனர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் அமைந்த மணலூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தைத் திங்கள் ஐந்தாம் நாளில் அங்கு ஆற்றுத் திருவிழா நிகழும். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்காக அவ்வாற்றங்கரைக்கு எழுந்தருள்வார். சுற்று வட்டார மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். ஒரு சிறு பேரூராட்சியின் ஊழியர்கள், தம் ஊர் மக்கள்தொகையினும் பன்மடங்கு பெருகிய கூட்டத்திற்குத் தண்ணீரும் வெளிச்சமும் தூய்மையும் வழங்கியாக வேண்டும். அவர்கள் செம்மையாகச் செய்வதற்கும் செய்யாமற் போவதற்கும் காரணங்கள் யாவை? அவர்களை அமர்த்தியவர் யார், எவ்வாறு அமர்த்தினார், ஊதியம் காலத்தில் வருகிறதா, மேலிருப்பவர் மாறினால் தம் வேலை நிலைக்குமா என்னும் வினாக்களிலேயே அதற்கான விடை அடங்கியுள்ளது.

இவ்வினாக்களோடு தம் வாணாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு தமிழக முஸ்லிம் பெருமகனாரை இன்றைய மாணவர்கள் ஒரு சாலையின் பெயராக மட்டுமே அறிவர். அவர்தாம் கான் பகதூர் சர் முகம்மது ஹபீபுல்லா சாகிபு. வைசிராயின் நிருவாக சபை உறுப்பினர், திருவிதாங்கூர்த் திவான் என்னும் உயர்பதவிகளாலேயே வரலாற்று நூல்கள் அவரைக் குறிக்கின்றன. ஆயினும் அவருடைய நிருவாக அறிவின் வேர் வேலூர் நகராட்சி அலுவலகத்தில் ஊன்றியது என்பதே நாம் இங்கு வலியுறுத்த விழைவது.

வேலூரில் ஓர் இளம் வழக்குரைஞர்

ஆற்காட்டு நவாபு மரபோடு உறவு கொண்ட குடும்பத்தில் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையில் பிறந்தார் ஹபீபுல்லா. சட்டம் பயின்று, 1888இல் வேலூரில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். பழைய கோட்டையும், படைவீட்டுச் சுவடுகளும், தோல் வணிகமும், பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியும் சிறப்புச் சேர்த்த ஊர் வேலூர். எனினும் கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடும், மழையில் கொள்ளை நோயும் அக்காலச் சென்னை மாகாணத்து நகரங்களுக்கெல்லாம் பொதுவாய் இருந்தன. வேலூரும் அதற்கு விலக்கன்று.

அந்நகரின் நகராட்சி 1866இல் தோன்றியது. ரிப்பன் பிரபு 1882 மே 18ஆம் நாள் வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானத்தை ஒட்டிச் சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமும் தல போர்டுச் சட்டமும் இயற்றப்பட்டன. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, ஊர்களுக்கான யூனியன் பஞ்சாயத்து என்னும் மூவகை அடுக்கு அதன்வழி உருவாயிற்று. இச்சட்டங்கள் மக்களின் பிரதிநிதிகளுக்கு அதிகாரத்தின் ஒரு பகுதியை அளித்தன. அவ்வதிகாரத்தைச் செயலாக்கும் ஊழியர்களைப் பற்றியோ மிகக் குறைவாகவே எண்ணின. நகராட்சித் தலைவரே அவையையும் நடத்துவார், அலுவலகத்தையும் நடத்துவார். எழுத்தர், பில் கலெக்டர், ஓவர்சியர், சுகாதார மேற்பார்வையாளர், அம்மை குத்துவோர், பள்ளி ஆசிரியர், தோட்டி ஆகிய அனைவரும் அவருக்கே கடமைப்பட்டவர்கள்.

இத்தகைய தலைமைப் பொறுப்பு, ஊதியமில்லாக் கௌரவப் பதவியாக 1895இல் ஹபீபுல்லாவை வந்தடைந்தது. அப்போது அவருக்கு அகவை இருபத்தாறு. கௌரவத் தலைவர்களின் இடர்ப்பாடு ஒன்றை இங்கே விளக்குதல் வேண்டும். அன்றைய தலைவர்களுள் பலர் வழக்குரைஞர், நிலக்கிழார், வணிகர் ஆகியோரே. பகலெல்லாம் தம் தொழிலைக் கவனித்துவிட்டு மாலையில் நகராட்சி அலுவலகத்திற்கு வந்து, மேசைமேல் வைக்கப்பட்ட தாள்களில் கையொப்பமிட்டுச் செல்வர். எந்தத் தாள் மேலே இருக்க வேண்டும், எது அடியில் கிடக்க வேண்டும் என்பதைத் தலைமை எழுத்தரே முடிவு செய்வார். பெயரளவில் தலைவர் ஆள, உண்மையில் எழுத்தர் ஆண்ட நகராட்சிகள் மிகப் பல. தெருத் தெருவாகச் சென்று வீட்டு வரி தண்டும் ஊழியர், தம் குறைந்த ஊதியத்தை மற்றொரு வழியில் நிரப்பிக்கொள்ளும் ஆசைக்கு ஆளாவதும் இயல்பு. மேற்பார்வை இல்லாத இடத்தில் ஊழியரின் நேர்மையை மட்டும் குறை கூறுதல் நடுவுநிலை ஆகாது.

ஹபீபுல்லா இதனைப் பத்தாண்டுகள் உள்ளிருந்தே கண்டவர். 1905இல் அவர் எடுத்த முடிவு அவருடைய உறவினர்க்கும் தொழில் நண்பர்க்கும் வியப்பளித்திருத்தல் கூடும். நன்கு வளர்ந்திருந்த வழக்குரைஞர் தொழிலை முற்றிலும் துறந்து, நகராட்சியின் முழுநேரப் பணியை ஏற்றார். நகர நிருவாகம் என்பது ஓய்வு வேளையில் ஆற்றும் தொண்டன்று, பயின்று ஆற்ற வேண்டிய தொழில் என்னும் கருத்து அச்செயலில் பொதிந்துள்ளது. பிற்காலத்தில் அவர் ஏறிய உயர்படிகள் எல்லாவற்றினும் இப்படியையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். பட்டங்களைப் பெறுவோர் பலர். வருவாய் தரும் தொழிலை விட்டுக் குழாயும் சாக்கடையும் வரிப்பேரேடும் நிறைந்த அலுவலகத்திற்கு வருவோர் அரியர்.

1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, வடஆற்காட்டின் தலைநகரம் சித்தூரிலிருந்து வேலூருக்கு மாறியது. அதுவரை தென்னாற்காட்டில் இருந்த திருவண்ணாமலைத் தாலுகாவும் அப்போது வடஆற்காட்டில் சேர்க்கப்பட்டது. அதனால் வேலூரை மையமாகக் கொண்ட மாவட்டத்தின் எல்லை மணலூர்பேட்டைக்கு எதிரே, தென்பெண்ணையின் அக்கரை வரை நீண்டது. இக்கரை திருக்கோவலூர்த் தாலுகா, தென்னாற்காடு; அக்கரை வடஆற்காடு. ஆறு ஒன்றே, அதனைக் கடக்கும் மக்களுக்குச் சாலை போடுவோரும் சத்திரம் காப்போரும் மட்டும் இருவேறு போர்டுகளின் ஊழியர் ஆயினர். இத்தகைய எல்லைச் சிக்கல்களைத் தாலுகா, ஜில்லா போர்டுகளோடு பழகிய ஹபீபுல்லா போன்றோர் நன்கறிவர்.

மாகாண ஆட்சியில்

மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தை ஒட்டி 1909 முதல் 1912 வரை சென்னைச் சட்டசபையில் உறுப்பினராய் விளங்கிய அவர், 1919இல் ஆளுநரின் நிருவாக சபையில் தற்காலிகமாக இடம்பெற்றார். இரட்டை ஆட்சி தொடங்கிய 1920 முதல் வருவாய்த் துறையைத் தம் பொறுப்பில் கொண்ட நிருவாக சபை உறுப்பினராகத் திகழ்ந்தார்.

இரட்டை ஆட்சியில் தல சுயாட்சித் துறை மக்கள் சார்பான அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மாகாணத்தின் முதல் முதலமைச்சர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் நம் தென்னாற்காட்டைச் சேர்ந்தவர் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1920ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டமும் தல போர்டுச் சட்டமும் தேர்தலின் இடத்தை விரிவாக்கின. அதிகாரிகளின் பிடி தளர்ந்தது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. ஆனால் பழைய வினா அப்படியே நின்றது: ஊழியரை யார் காப்பது? தேர்தலில் வென்ற தலைவர் தமக்கு வாக்களித்தவரின் மகனை எழுத்தராக்குவார். அடுத்துவரும் தலைவர் அவரை மாற்றித் தம்மவரை அமர்த்துவார். வரி பாக்கிக்காக ஓர் உறுப்பினரின் வீட்டில் பில் கலெக்டர் கதவைத் தட்டினால், அடுத்த கூட்டத்தில் அவர்மேல் கண்டனம் வரும். இந்நிலையில் கடமை தவறாத ஊழியர் துணிவுமிக்கவராக இருத்தல் வேண்டும். எல்லா ஊழியரும் துணிவுமிக்கவராக இருப்பர் என எதிர்பார்த்து எந்த நிருவாகத்தையும் அமைக்க இயலாது. 1930களில் சென்னை மாகாண நகராட்சிகளில் ஊதியம் பெறும் ஆணையாளர்கள் அமர்த்தப்பட்டதற்குரிய காரணம் இதுவே. வேலூரில் ஒருவர் 1905இல் தம் சொந்த முடிவால் செய்ததைச் சட்டம் பொதுவிதியாக ஏற்கச் சற்றொப்ப முப்பதாண்டுகள் ஆயின.

இதே காலத்தில் வேலை வாய்ப்பில் எந்தச் சமூகத்திற்கு எவ்வளவு பங்கு என்னும் வினாவும் கூர்மையடைந்தது. 1921 செப்டம்பர் 16ஆம் நாள் வெளிவந்த வகுப்புரிமை அரசாணை, அலுவலகங்களில் ஒரு வகுப்பினரே நிறைந்திருந்த நிலையை மாற்ற முற்பட்டது. 1924இல் ஊழியர் தேர்வு வாரியமும், அதன் வளர்ச்சியாக 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னைப் பணியாளர் ஆணையமும் அமைந்தன. இந்தியாவின் மாகாணங்களில் முதன்முதல் அமைந்த ஆணையம் அதுவே.

லீ ஆணைக்குழு

1923இல் இந்தியாவின் உயர் பணிகளை ஆராய லீ பிரபுவின் தலைமையில் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் இந்தியர்கள் சிலரே இடம்பெற்றனர். பூபேந்திரநாத் பாசு, சமர்த், ஹரி கிஷன் கௌல் ஆகியோருடன் ஹபீபுல்லாவும் அவருள் ஒருவர். நகராட்சி அலுவலகத்திலிருந்து எழுந்து வந்த ஒருவர், பேரரசின் பணியமைப்பு முழுவதையும் ஆராயும் அவையில் அமர்ந்தது வியப்பிற்குரியது.

1924 மார்ச் மாதம் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. ஐ.சி.எஸ். பணிக்கு ஆள் எடுப்பதில் நூற்றுக்கு நாற்பது ஆங்கிலேயர், நாற்பது இந்தியர், எஞ்சிய இருபது மாகாணப் பணியிலிருந்து உயர்த்தப்படுவோர் என்று அது வகுத்தது. கல்வி, வேளாண்மை முதலான மாற்றப்பட்ட துறைகளுக்குரிய ஊழியர்களை இனி மாகாண அரசுகளே எடுத்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. எல்லாவற்றினும் முதன்மையானது பணியாளர் தேர்வாணையம் பற்றிய பரிந்துரையாகும். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இடம்பெற்றும் ஏட்டளவிலேயே கிடந்த அவ்வமைப்பைக் காலந்தாழ்த்தாது நிறுவுமாறு குழு வற்புறுத்தியது. 1926 அக்டோபர் முதல் நாள் அது தொடங்கப்பெற்றது. நம் நாட்டின் இன்றைய ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் அதன் வழித்தோன்றலே.

எனினும் இவ்வறிக்கையை இந்தியத் தலைவர்கள் ஏற்கவில்லை. ஆங்கில அலுவலர்க்கும் அவர்தம் குடும்பத்திற்கும் தாயகம் சென்றுவரக் கப்பற் கட்டணம் உள்ளிட்ட சலுகைகளை அது தாராளமாக வழங்கியதே எதிர்ப்பிற்கு ஏதுவாயிற்று. 1924 செப்டம்பரில் மத்திய சட்டசபையில் மோதிலால் நேரு கொணர்ந்த திருத்தம் வெற்றி பெற்றது. அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. குறைந்த ஊதியத்தில் கைத்தீவட்டி ஏந்தித் தெருவிளக்கு ஏற்றிய நகராட்சி ஊழியனின் வரிப்பணமும் சேர்ந்தே அக்கப்பற் கட்டணமாயிற்று. ஹபீபுல்லா அவ்வறிக்கையில் கையொப்பமிட்டவர் என்பதை மறைத்து அவர் வாழ்வை எழுதுதல் முறையன்று. அரசோடு இணங்கி நின்று இயன்றதைப் பெறுதல் என்பது அவர் தேர்ந்த நெறி. அந்நெறியின் பயனும் குறையும் இவ்வொரே அறிக்கையில் அருகருகே உள்ளன.

தென்னாப்பிரிக்கப் பயணம்

1925 முதல் 1930 வரை வைசிராயின் நிருவாக சபையில் கல்வி, சுகாதாரம், நிலம் ஆகிய துறைகளை அவர் ஏற்றிருந்தார். வேளாண்மை ஆராய்ச்சிக்கான பேரவை 1929இல் அத்துறையின் கீழேயே பிறந்தது. அதே ஆண்டில் ஜெனிவாவில் கூடிய சர்வதேச சங்கத்திற்குச் சென்ற இந்தியத் தூதுக்குழுவிற்கும் அவரே தலைமை தாங்கினார்.

இவற்றினும் தமிழர்க்கு நெருக்கமானது 1926 திசம்பரில் அவர் தலைமையில் கேப்டவுன் சென்ற தூதுக்குழுவாகும். சீனிவாச சாஸ்திரியாரும் அதில் உறுப்பினர். நேட்டாலில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பாலோர், 1860 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் கல்கத்தா வழியாகவும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் மரபினர். வடஆற்காட்டு ஊர்களிலிருந்து சென்றோர் அவருள் மிகுதி. ஹபீபுல்லாவுக்கு அவர்கள் அண்டை ஊரார் போன்றவர்.

அவர்களை வருத்திய கருவிகளுள் ஒன்று உள்ளாட்சி நிருவாகமே என்பது நம் பொருளோடு நேரே தொடர்புடையது. நேட்டாலில் 1897இல் இயற்றப்பட்ட வணிக உரிமச் சட்டத்தின்படி, கடை வைக்க உரிமம் வழங்குபவர் நகரசபையால் அமர்த்தப்பட்ட அலுவலர். அவர் மறுத்தால் மேல்முறையீடும் அதே நகரசபைக்குத்தான், நீதிமன்றத்திற்கு வழியில்லை. இந்தியருக்கு உரிமம் அளிப்பதை நகரசபை விரும்பவில்லை என்பதை அறிந்த அலுவலர் எங்ஙனம் நடுநிலையாக நடப்பார்? நடுநிலையாக நடந்தால் அவர் வேலை நிலைக்குமா? சட்டத்தில் இந்தியர் என்னும் சொல் இல்லாமலேயே இந்தியரின் கடைகள் மூடப்பட்டன. வேலூரில் பில் கலெக்டர் உறுப்பினரின் கதவைத் தட்ட அஞ்சியதும், டர்பனில் உரிம அலுவலர் இந்தியரின் மனுவை ஏற்க அஞ்சியதும் ஒரே நோயின் இரு முகங்கள் எனலாம்.

1927இல் ஏற்பட்ட கேப்டவுன் உடன்படிக்கையின் பயனாக, இந்தியரைத் தனிப்பகுதிகளில் ஒதுக்கும் மசோதாவைத் தென்னாப்பிரிக்க அரசு கைவிட்டது. அங்கேயே தங்கிவிட்ட இந்தியரின் கல்வியையும் நல்வாழ்வையும் உயர்த்தும் பொறுப்பையும் ஒப்புக்கொண்டது. இந்திய அரசின் முதல் முகவராகச் சாஸ்திரியார் அங்குச் சென்றார். அதற்கு ஈடாகத் தாயகம் திரும்புவோர்க்கு உதவும் திட்டத்தை இந்தியா ஏற்க நேர்ந்தது. அவ்வாறு திரும்பி வந்து சென்னையில் இறங்கியோர் பலர் ஊரும் உறவும் அற்றவராய்த் தவித்தனர். உடன்படிக்கையைப் போற்றுவோர் இவ்விழப்பையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

திருவிதாங்கூரில்

1934 மார்ச்சில் ஹபீபுல்லா திருவிதாங்கூரின் திவானானார். சித்திரைத் திருநாள் மகாராசா இளையவர், சர் சி.பி. இராமசாமி ஐயர் அவருக்குச் சட்ட ஆலோசகர். நாட்டிலோ நிவர்த்தனக் கிளர்ச்சி மூண்டிருந்தது. ஈழவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் ஒன்றுகூடி, சட்டசபையிலும் அரசுப் பணியிலும் தம் மக்கள்தொகைக்கேற்ற இடம் கேட்டனர். வரி கொடுப்போர் அனைவரும். அலுவலகத்தில் அமர்வோர் சிலர். இதுவே அவர்தம் முறையீடு.

கிளர்ச்சியின் முன்னணியில் நின்ற சி. கேசவன் 1935 மே மாதம் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காக அவ்வாண்டு சூன் மாதம் கைது செய்யப்பட்டுச் சிறை புகுந்தார். திவானாக இருந்தவர் ஹபீபுல்லா. தகுதியும் பங்கீடும் இணைந்த பணித்தேர்வு வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயத்தை அவரைவிட நன்கு உணர்ந்தோர் அன்றைய திருவிதாங்கூர் அரசில் இருந்திருத்தல் அரிது. அக்கோரிக்கையை முழங்கியவரைச் சிறைப்படுத்தியதும் அவர் தலைமையிலான அரசே. இம்முரண்பாட்டிற்குச் சமாதானம் கூற நாம் முற்படவில்லை. அக்கேசவனே 1951இல் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சரானார்.

ஆயின் அதே அரசு கோரிக்கையை ஏற்கவும் செய்தது. பணியாளர் தேர்வுக்கெனத் தனி ஆணையர் ஒருவரை நியமிக்க முடிவாகி, 1936 சூன் 14ஆம் நாள் டாக்டர் நோக்சு என்பார் அப்பொறுப்பை ஏற்றார். உயர்நிலைப் பணிகளில் தகுதி வரிசையும், இடைநிலை கடைநிலைப் பணிகளில் வகுப்புவாரிச் சுழற்சியும் வகுக்கப்பட்டன. துறைத்தலைவர் தம் உறவினரை எழுத்தராக அமர்த்தும் வழக்கத்திற்கு அது கதவடைத்தது. பரிந்துரைக் கடிதத்தோடு அலுவலக வாயிலில் காத்திருந்த இளைஞன், இனி விண்ணப்பத்தோடு தேர்வுக்குச் செல்லலாம். இக்கால இளைஞர்க்கு இது எளிய செய்தியாகத் தோன்றலாம். தலைமுறை தலைமுறையாக அவ்வாயிலுக்கும் வர இயலாதிருந்த சமூகங்களுக்கு அஃது எளிய செய்தியன்று.

இசுலாமிய நெறியில் பதவி என்பது அமானிதம், அதாவது உரியவரிடம் ஒப்புவிக்கப்பட வேண்டிய அடைக்கலப் பொருள். தகுதியற்றவர்க்குப் பொறுப்பளிப்பது அவ்வடைக்கலத்தைப் பாழாக்குவதாகும். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரு அதிகாரங்கள் வகுத்த வள்ளுவரும் ஆளைத் தேர்தலையும், தேர்ந்தபின் அவரிடம் வினையை விடுதலையும் இருவேறு கடமைகளாகவே கொண்டார். தேர்வாணையங்கள் முதற்கடமையை ஓரளவு நிறைவேற்றின. இரண்டாம் கடமையாகிய, ஊழியரை அச்சமின்றிப் பணிசெய்ய விடுதல், இன்றும் பல ஊர்களில் தலைவர்களின் பெருந்தன்மையைச் சார்ந்தே உள்ளது. ஒப்பந்த முறையில் நாட்கூலி பெறும் தூய்மைப் பணியாளர்க்கோ முதற்கடமையின் பயனும் முழுமையாக எட்டவில்லை.

1936ஆம் ஆண்டு அக்டோபரில் திவான் பதவியைச் சர் சி.பி. இராமசாமி ஐயரிடம் ஒப்படைத்து ஹபீபுல்லா ஓய்வு பெற்றார். நாடு விடுதலை பெற்றதைக் கண்ட பின்னர், 1948 மே 16ஆம் நாள் அவர் காலமானார். சென்னை தியாகராய நகரில், நடிகர் சங்கக் கட்டடம் அமைந்துள்ள சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் பணி தொடங்கிய வேலூர் நகராட்சி 2008இல் மாநகராட்சியாக உயர்ந்தது. திருவிதாங்கூரில் அவர் காலத்தில் தோன்றிய ஆணையர் அலுவலகம் கேரளப் பணியாளர் தேர்வாணையத்தின் முன்னோடியாகும்.